ஒரு நாளும் குறையாத கல்லா

எங்கள் கடையில் கண்ணாடி உடைந்தால் இரண்டு சத்தம் கேட்கும். முதல் சத்தம் கண்ணாடியுடையது. அடுத்தது அண்ணியுடையது. "அளவு என்ன?" அதற்குப் பதில் சொன்னால், "எத்தனை எம்எம் கனம்?" அதற்கும் பதில் சொன்ன பிறகுதான் "கையில பட்டுச்சா தம்பி?" என்று வரும். பிழைப்பே கண்ணாடி வெட்டுவது என்று ஆனவன் நான். என் விரல்களில் வெட்டு விழாத இடம் கிடையாது. அதனால் அண்ணி மேல் எனக்கு இந்த விஷயத்தில் மனக்குறையே இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். கொஞ்சம் உண்டு.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. கடைக்குக் கணக்கு எழுதுகிறவர். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முன்பக்கம் கல்லா மேசையும் படச்சட்டங்கள் மாட்டிய சுவரும். பின்பக்கம் பழைய கம்பளி விரித்த வெட்டுமேசை, சுவரோடு சாய்த்து நிறுத்திய முழுக் கண்ணாடிகள், எத்தனை தடவை பெருக்கினாலும் செருப்பில் நறநறக்கும் தூள். மேலே மாடியில் வீடு. அண்ணன் வெளியே போய் ஜன்னல் அளவெடுப்பார், ஆர்டர் பிடிப்பார், வாய் கிழியப் பேசுவார். நான் வெட்டுவேன். என் மனைவி சட்டம் போடுவாள். அண்ணி எல்லாரையும் எழுதுவார்.

கணக்கு எழுத அண்ணிக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்த கதையே தனிக் கதை. அதுவரை கணக்கு என்பது அண்ணனின் இலாகா. அண்ணனுக்கு நோட்டு பிடிக்காது. கடையில்தான் இத்தனை கண்ணாடி இருக்கிறதே என்று, சுவரோரம் நிற்கும் ஒரு கண்ணாடியில் கலர் பேனாவால் எழுதிக்கொள்வார். யார் எவ்வளவு தரவேண்டும், நாம் யாருக்குத் தரவேண்டும், எல்லாம் அதில். பார்க்க அழகாகத்தான் இருக்கும், பின்னால் போய் நின்றால் எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். ஒருநாள் பல் டாக்டர் ஒருவர் அவசரமாக வந்து பெரிய அளவில் ஒன்று கேட்டார். அண்ணன் சந்தோஷமாகத் துணியை எடுத்து ஒரு கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்து, பேப்பர் சுற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டார். எந்தக் கண்ணாடி என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

மூன்று மாதக் கணக்கு பல் டாக்டரின் ஜன்னலில் போய் உட்கார்ந்துகொண்டது. அண்ணி மாடியிலிருந்து இறங்கி வந்தார், கையில் ஒரு நோட்டும் பேனாவும். "நகருங்க" என்றார். அண்ணன் நகர்ந்தார். அதற்குப் பிறகு பதினோரு வருடமாக அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்தது கிடையாது.

அண்ணி எழுதும் கணக்குக்கு ஒரே ஒரு சட்டம்தான். போன காசு ஒவ்வொன்றுக்கும் காரணம் வேண்டும். அந்தக் காரணங்களுக்கு அவரே தலைப்பும் வைத்திருந்தார். "ஒடஞ்சது" என்று ஒரு தலைப்பு. அதில் பெரும்பாலும் நான்தான் இருப்பேன். "சும்மா போனது" என்று ஒன்று. அண்ணன் வண்டி பிடித்து அளவெடுக்கப் போய், வீட்டுக்காரர் ஊரில் இல்லை என்று திரும்பி வரும் செலவு அது. "வாய் குடுத்து மாட்டினது" என்று ஒன்று. நான்கு நாள் வேலையை இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்று அண்ணன் பெருமையாகச் சொல்லிவிட்டு, அதற்காகக் கூலிக்கு இன்னொரு ஆள் வைத்தால் அந்தக் கூலி இதில் வரும். பக்கம் பக்கமாக வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, "மூஞ்சி பாத்து விட்டது."

வருடத்துக்கு ஒருமுறை வரிக்கணக்கு போட்டுக்கொடுக்க ஒருவர் வருவார். நாங்கள் அவரை ஆடிட்டர் என்போம். "நான் ஆடிட்டர் இல்லைங்க, ஆடிட்டர் கிட்ட வேலை பாக்கறவன்" என்று அவரும் ஒவ்வொரு வருடமும் சொல்லிப் பார்ப்பார். நாங்கள் விடுவதாக இல்லை. நல்ல மனிதர். முதல் வருடம் "மூஞ்சி பாத்து விட்டது" என்ற தலைப்பைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இதை நாங்க தள்ளுபடின்னு எழுதுவோம்மா."

"தள்ளுபடின்னா எல்லாருக்கும் குடுக்கறது சார். இது இவரு சில மூஞ்சிக்கு மட்டும் குடுக்கறாரு" என்றார் அண்ணி.

"சரி, நான் தள்ளுபடின்னே போட்டுக்கறேன். உங்க நோட்டுல நீங்க மூஞ்சின்னே வெச்சுக்குங்க."

அப்படி ஓர் ஒப்பந்தம். இன்றுவரை அப்படியே ஓடுகிறது.

தினமும் சாயங்காலம் கடை மூடும் நேரத்தில் அண்ணி கல்லாவை எண்ணுவார். நோட்டில் இருப்பதும் கல்லாவில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகும் வரை எழுந்திருக்க மாட்டார். நாங்கள் கை கால் கழுவி மாடிக்குப் போய்விடுவோம். கொஞ்ச நேரம் கழித்து, சில நாள் ரொம்ப நேரம் கழித்து, அண்ணி மேலே வருவார். "ஆச்சா?" என்பார் அண்ணன். "ஆச்சு" என்பார் அண்ணி. அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அண்ணனுக்கு அதில் இருந்த பெருமை இருக்கிறதே, அடேங்கப்பா! பக்கத்து ஆணிக்கடைக்காரரிடம் போய், "எங்க வீட்டுக் கல்லா ஒரு நாளும் குறைஞ்சதில்ல, தெரியுமா?" என்று மார் தட்டுவார். ஆணிக்கடைக்காரர் வயிறு எரிய வீட்டுக்குப் போய்த் தன் மனைவியிடம் எதையாவது சொல்வார், அங்கே சண்டை வரும். ஆடிட்டர்கூட ஒருமுறை, "இத்தனை கடை பாக்கறேன், ஒரு நாள்கூடவா குறையல?" என்று தலையைச் சொறிந்தார். பாவம், அவர் அப்போதே கொஞ்சம் கூடுதலாகச் சொறிந்திருக்கலாம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கு நாற்பது வயது நெருங்குகிறது. இன்னமும் கடைக்குள் நுழைகிறவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணன் இல்லையா?" என்றுதான் கேட்கிறார்கள். நான் அளவு சொன்னால் நம்ப மாட்டார்கள். விலை சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இந்த நிலையில்தான் நான்கு தெரு தள்ளி, திருப்பத்தில், ஒரு கடை காலியானது. வெளிச்சமான இடம். பெரிய வாசல். முழுக் கண்ணாடி குறுக்கே திரும்பாமல் நேராக உள்ளே போகும். போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அங்கே நான் நிற்கிறேன், ஒருவன் உள்ளே வருகிறான், "முதலாளி" என்கிறான். என்னைத்தான். இதை என் மனைவியிடம் சொன்னேன். அவள் அன்றைக்கே அந்தக் கடைக்குத் திரைச்சீலைக் கலர் யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அண்ணனிடம் கேட்டேன். வேண்டாம் என்பார், சண்டை போடலாம் என்று தயாராகப் போயிருந்தேன். அவரோ, "கணக்கு என்ன சொல்லுதோ அதாண்டா. லாபம் இருந்தா ஆரம்பிச்சுக்க" என்று சொல்லிவிட்டார். தயாரித்து வைத்திருந்த சண்டை வீணாய்ப் போயிற்று.

ஆடிட்டர் வந்து நோட்டுகளைப் புரட்டினார். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதை எடுத்துக் கொடுத்தார். கடன் வாங்கி அந்தக் கடையை எடுத்தால், மாதாமாதம் தவணை கட்டியது போக எங்கள் லாபத்தில் கொஞ்சம் மிச்சமும் நிற்கும் என்று ஆடிட்டர் சொன்னார். நான் கால் தரையில் படாமல் நடந்தேன். கடை வீட்டுக்காரரிடம் பேசி, வெள்ளிக்கிழமை முன்பணம் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அண்ணி மட்டும் ஒரு மாதிரி ஆகிவிட்டார். கூட்டிய பக்கத்தையே மறுபடி மறுபடி கூட்டினார். அண்ணன் கூப்பிட்டால் திடுக்கிட்டார். என் மனைவி, "அக்காவுக்கு நாம தனியாக் கடை வெக்கறது பிடிக்கல போல" என்று ஆரம்பித்தாள். "சீ, வாயை மூடு" என்றேன். ஆனால் எனக்குள்ளும் அந்தப் பூச்சி ஊர ஆரம்பித்துவிட்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

வியாழக்கிழமை மத்தியானம். நான் பின்பக்கம் ஒரு நிலைக்கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தேன். ஆள் உயரம், விலை அதிகம். கட்டரை வைத்துப் பாதிக் கோடு இழுத்திருக்கிறேன், அண்ணி வந்து நின்றார். முகம் சரியில்லை.

"என்ன அண்ணி?"

"நீ வெட்டி முடி. அப்புறம் சொல்றேன்."

"பரவால்ல, சொல்லுங்க."

"வேணாம்ப்பா. நீ கையை உதறினா அது வேற ஒடஞ்சதுல எழுதணும்."

கோடு இழுத்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றார். நான் கண்ணாடியைத் தட்டிப் பிரித்து ஓரமாகச் சாய்த்து வைத்தேன். அதன் பிறகுதான் வாயைத் திறந்தார்.

"தம்பி, ஆடிட்டர் சொன்ன லாபம் நம்ம கிட்ட இல்ல."

"இல்லன்னா? யாரு கிட்ட இருக்கு?"

"யாரு கிட்டயும் இல்ல. அது நாம சாப்பிடாத முட்டை."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அண்ணி சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். சாயங்காலம் கல்லாவை எண்ணும்போது குறைந்தால், அண்ணி மாடிக்குப் போவார். வீட்டுச் செலவுக்கென்று அண்ணன் வாராவாரம் கொடுக்கும் பணம் சமையலறையில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும். அதிலிருந்து எடுத்து வந்து கல்லாவில் போட்டு நேராக்கிவிடுவார். அடுத்த நாள் சமையலில் கையைப் பிடிப்பார். எங்கள் வீட்டில் சில நாள் ஆளுக்கு ஒரு முட்டை வரும், சில நாள் அரை முட்டை வரும். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. "இன்னிக்கு என்ன அரை நிலாவா அக்கா?" என்று என் மனைவி கேலி செய்வாள். அண்ணி சிரித்துக்கொண்டே பரிமாறுவார்.

கல்லா ஏன் குறைகிறது என்று கேட்டால், ஏன் குறையாது என்று திருப்பிக் கேட்பேன். அண்ணன் யாருக்காவது விலையைக் குறைத்துவிட்டுச் சொல்ல மறப்பார். நான் டீக்குக் காசு எடுத்துவிட்டு மறப்பேன். சில்லறை மாற்றிக்கொடுக்கும்போது தப்பும். நாலு பேர் கை வைக்கிற பெட்டி. குறையும். ஆனால் நோட்டில் குறைந்ததே இல்லை. கடையில் ஒழுகியதையெல்லாம் சமையலறை அடைத்துக்கொண்டே வந்திருக்கிறது, அதையும் சேர்த்து லாபம் என்று நாங்கள் கூட்டி வைத்திருக்கிறோம்.

அண்ணன் வந்தார். ஆடிட்டரையும் கூப்பிட்டனுப்பினோம். அவர் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மொத்தம் எவ்வளவு இருக்கும்மா?"

"தெரியாது சார்."

"எங்கயும் குறிச்சு வெக்கலயா?"

"குறிச்சா கணக்குல வந்துடும்ல சார்?"

கடைசியில் என் மனைவிதான் வழி சொன்னாள். வாரத்தில் எத்தனை நாள் அரை முட்டை வரும் என்று அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. என்ன காய் குறைந்தது, பால் எப்போது நின்றது, எதையும் அவள் மறந்திருக்கவில்லை. கேலி செய்கிறவர்களுக்கு ஞாபகசக்தி அதிகம். ஒரு வருடத்து வீட்டுச் செலவு உண்மையில் எவ்வளவு ஆகியிருக்கும், நோட்டில் "வீட்டுக்கு" என்று எவ்வளவு எழுதியிருக்கிறது என்று ஆடிட்டர் முட்டையிலிருந்து தொடங்கி ஒரு தாளில் போட்டுக்கொண்டே போனார். அப்படி ஒரு கணக்கு அவர் தன் வாழ்நாளில் போட்டிருக்க மாட்டார். போட்டு முடித்துப் பேனாவை மூடினார்.

"தவணை கட்ட முடியாதுங்க. ஆறு மாசத்துல ரெண்டு கடையும் மாட்டிக்கும்."

என் வெள்ளிக்கிழமை அங்கேயே முடிந்தது. எனக்கு எப்படி இருந்தது என்றால், அந்தப் பெரிய வாசலை யாரோ என் முகத்துக்கு நேராகச் சாத்தியது போல் இருந்தது. பாழாய்ப்போன கோபம் வந்தது. அண்ணி முன்னால் நான் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினேன்.

"பதினோரு வருஷமா சொல்லாம இருந்துட்டு, நாளைக்கு முன்பணம் குடுக்கணும், இன்னிக்கு வந்து சொல்றீங்களே அண்ணி! நல்லா இருக்கா இது?"

அண்ணனும் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் முகத்தோடு எழுந்து நின்றார். "நான் ஊரெல்லாம் பெருமை அடிச்சுட்டு வரேன். நீ டப்பாவிலேர்ந்து எடுத்துப் போட்டுட்டு இருந்திருக்கே! குறைஞ்சா குறைஞ்சுதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?"

அண்ணி மேசை மேல் இருந்த பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"சொன்னேனே. முதல் மாசம்."

"எப்போ?"

"நான் உக்காந்த முதல் மாசம். ஒருநாள் குறைஞ்சுது. ஓடி வந்து உங்க கிட்டதான் சொன்னேன். நீங்க சாப்பிட்டுட்டு இருந்தீங்க. 'ஏய், நீ எடுத்தியா?'ன்னு கேட்டீங்க."

எழுந்து நின்ற அண்ணன் மறுபடி உட்கார்ந்தார்.

"சிரிச்சுக்கிட்டேதான் கேட்டீங்க" என்று அண்ணி அவசரமாகச் சேர்த்துக்கொண்டார், அண்ணனுக்குப் பரிந்து பேசுகிறவர் போல. "விளையாட்டுக்குத்தான். அது எனக்கும் தெரியும். ஆனா நான் வெளியிலேர்ந்து வந்தவ. கல்லாவுல உக்காந்திருக்கறது நான். குறைஞ்சா முதல்ல யாரு மேல கண்ணு போகும், சொல்லுங்க. அதுக்கப்புறம் குறையவே விடல."

"நான் அப்படியா கேட்டேன்?" என்றார் அண்ணன். அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. பார்த்தாலே தெரிந்தது.

ஆடிட்டர் தன் பையை எடுத்துக்கொண்டு, "அப்போ நான் வரட்டுமா?" என்று மெதுவாக நழுவினார். நல்ல மனிதர் என்று முன்னமே சொன்னேன் அல்லவா?

வெள்ளிக்கிழமை நானே போய்க் கடை வீட்டுக்காரரிடம் எடுக்கவில்லை என்று சொன்னேன். "ஏன், அண்ணன் விடலயா?" என்று கேட்டார். அவர் கழுத்தைப் பிடித்திருக்க வேண்டும், பிடிக்கவில்லை. இப்போது அங்கே ஒருவர் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். வாசலில் நின்று பார்த்தால் அவருக்கு அவ்வளவு பெரிய வாசல் எதற்கு என்றே தெரியவில்லை. எனக்கு வயிறு எரிகிறது, மறைப்பானேன்? அண்ணியிடம் நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த நான்கு நாளும் அவர் எனக்கு முதலில் சாப்பாடு போட்டார், நான் தட்டைப் பார்த்தே சாப்பிட்டேன். இப்போது கோபம் போய்விட்டதா என்றால், பெரும்பகுதி போய்விட்டது. அன்றைக்கு வந்து சொல்லாமல் அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் கடனில் மூழ்கியிருப்பேன். அந்தக் கேள்வியை மறுபடி யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பதினோரு வருடம் பயந்தவர், எனக்காக அதற்கும் துணிந்து வந்து நின்றிருக்கிறார். இதெல்லாம் புத்திக்குத் தெரிகிறது. அந்த வாசலைப் பார்க்கும்போது மட்டும் தெரிவதில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஒருநாள் சாயங்காலம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மாடிக்குக் கிளம்பினோம். அண்ணி கல்லாவை எண்ணிக்கொண்டிருந்தார். ஒருமுறை எண்ணினார். மறுபடி எண்ணினார். அவர் கண் மாடிப்படிப் பக்கம் போனதை நான் பார்த்தேன். எழுந்திருக்கவும் செய்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க" என்றார். சில்லறையை ஓர் ஓரமாக அடுக்கிவிட்டு மறுபடி கூப்பிட்டார். "என்னங்க. கல்லாவுல அறுபது குறையுது."

படியில் ஒரு கால் வைத்திருந்த அண்ணன் நின்றார். நானும் நின்றேன். என் மனைவி கையில் இருந்த சட்டத்தைக் கீழே வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் திரும்பி வந்தார். தன் சட்டைப் பையில் கையை விட்டு இருந்ததையெல்லாம் எடுத்து மேசை மேல் போட்டார். பேன்ட் பைகளையும் உள்துணி வெளியே தெரிய இழுத்துக் காட்டினார், போலீஸ் பிடித்த ஆள் போல. "என் கிட்ட இருபது உன்னோடது இருக்கு. காலையில பெட்ரோலுக்கு எடுத்தேன், சொல்லல" என்றார். நானும் என் பைகளை வெளியே இழுத்துத் துழாவினேன். டீக்கென்று கல்லாவில் எடுத்து, குடிக்கப் போகாமலே விட்ட இருபத்தைந்து இருந்தது. போட்டேன். என் மனைவியும் தன் பர்ஸைத் திறந்து பார்த்து, ஒன்றும் இல்லாவிட்டாலும் அதையும் கவிழ்த்துக் காட்டினாள்.

அண்ணி எல்லாவற்றையும் கூட்டினார். "இன்னும் பதினஞ்சு குறையுதே."

"விடு. குறைஞ்சுதுன்னு எழுதிட்டு வா, சாப்பிடலாம்" என்றார் அண்ணன்.

"எழுதறேன். காரணம் என்னன்னு போட?"

"தெரியலன்னு போடு."

அண்ணி அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று தேடுகிற பார்வை. அண்ணன் சிரிக்கவில்லை. "ஆமா, தெரியலன்னு எழுது. நம்ம யாருக்கும் தெரியல, அவ்வளவுதானே?" என்றார்.

அண்ணி குனிந்து, பதினோரு வருடத்தில் முதல் தடவையாகக் காரணமே இல்லாத ஒரு தலைப்பு போட்டார். தெரியலை, பதினைந்து. எழுதி முடித்ததும் நோட்டை மூடாமல் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தபடி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நாங்கள் மூன்று பேரும் என்ன செய்வது என்று தெரியாமல், பைகள் வெளியே தொங்க, அங்கேயே நின்றோம்.